குமிழுக்கு அடியில்

நாலு மணிக்கு மகனை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். சுவர்க்கடிகாரம் ஒன்று ஐம்பது காட்டியது. அது பத்து நிமிடம் பின்தங்கி ஓடும் கடிகாரம். எதிரே உட்கார்ந்திருந்த தகப்பனிடம் அதைச் சொல்ல ஸ்டெனோவுக்கு மனம் வரவில்லை.

ஸ்டெனோ என்பது தெரிந்தவர்கள் வைத்த பெயர். இருபத்திரண்டு வருடம் நீதிமன்றத்தில் உட்கார்ந்து, சாட்சிகளின் வாயிலிருந்து உதிர்ந்ததையெல்லாம் தட்டச்சு செய்தவள். அந்த இயந்திரத்தில் மௌனத்துக்கு விசை கிடையாது. பதில் சொல்லாமல் நின்ற நேரங்கள் காகிதத்தில் ஏறாமலே போயின. அப்படி ஏறாமல் போனவைதான் பிற்பாடு அவளைத் தூங்கவிடாமல் செய்தன. ஒரு நாள் எழுந்து வந்து, மாடியில் ஓர் அறை பிடித்து, துப்பறிகிறேன் என்று பலகை மாட்டினாள். பின்னாலேயே வந்து சேர்ந்தான் வாய்தா. அதே நீதிமன்றத்தில் சாட்சிகளைக் கூப்பிட்ட டவாலி. எந்த வேலையைச் சொன்னாலும் அடுத்த வாரத்துக்குத் தள்ளுவதால் வக்கீல்கள் சூட்டிய பெயர். வாயை மட்டும் அவன் ஒருநாளும் தள்ளிவைத்ததில்லை.

“இன்னொரு தடவை சொல்லுங்க ஐயா,” என்றாள் ஸ்டெனோ. “நிதானமா.”

லிஃப்ட்காரர் தொண்டையைச் செருமினார். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பத்தொரு வருடமாக லிஃப்ட் மெக்கானிக். சலவை கலையாத காக்கிச் சட்டை. இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம். சட்டைப்பையில் ஒரு குட்டைப் பேனா. அதைக் கட்டைவிரலால் உருட்டியபடியே இருந்தார்.

“செவ்வாய்க்கிழமை ராத்திரி எட்டுக்கும் எட்டரைக்கும் நடுவுல அந்த மியூசிக் கடை முதலாளியை அவர் கடையிலேயே யாரோ மண்டையில அடிச்சுக் கொன்னுட்டாங்க. அன்னிக்குக் காலையில என் பையன் அங்க போய்ச் சண்டை போட்டிருக்கான். ஒரு இசைக்குழுவுல சேர இருந்தவனை அவர்தான் தப்பாச் சொல்லித் தடுத்தாராம். ‘உங்களைச் சும்மா விட மாட்டேன்’னு கத்தியிருக்கான். நாலு பேர் கேட்டிருக்காங்க.”

“அப்படிக் கத்தாத பிள்ளை உலகத்துல எது?” என்றான் வாய்தா. “நானே தினமும் அக்காகிட்ட மனசுக்குள்ள கத்தறேன்.”

“சரியா ஒன்பது மணிக்கு போலீஸ் வந்து அவனைக் கூட்டிட்டுப் போயிடுச்சு. கிடார்லயே அடிச்சிருக்கலாம்னு கிடாரையும் அப்பவே பையில போட்டு சீல் வெச்சுட்டாங்க. அவன் வீட்டுலதான் இருந்தான்மா. வாசிச்சு அனுப்பு, கேட்டுப் பார்க்கறோம்னு அந்தக் குழு கடைசியாச் சொல்லியிருந்தாங்க, அதுக்காகப் பதிவு பண்ணிட்டு இருந்தான்.”

பதிவு இருந்தது. அதுதான் தொல்லை. தேதியும் நேரமும் காட்டாத பழைய ரெக்கார்டர். இருபத்து மூன்று நிமிடம் வாசிப்பு, நாலு நிமிடம் இடைவெளி, பிறகு நாற்பது நிமிடம் வாசிப்பு. இடைவெளிக்கு முன்னால் ஒரு மாதிரியும் பின்னால் ஒரு மாதிரியும் ஒலிக்கிறது, இரண்டும் வேறு வேறு கிடார், என்றைக்கோ வாசித்த இரண்டை ஒட்டவைத்திருக்கிறான் என்று போலீஸ் நிபுணர் எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு காகிதம் மகனின் கழுத்தில் கல்லைக் கட்டிவிட்டது.

ஸ்டெனோ ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த நாலு நிமிடத்தைக் கேட்டாள். மூன்று முறை கேட்டாள். வாய்தா ஏதோ சொன்னான்; லிஃப்ட்காரர் பேனாவை எடுத்துக் குலுக்கினார்; எதுவும் அவள் காதில் விழவில்லை.

அவள் கழற்றியபோது லிஃப்ட்காரர், “ஒண்ணுமே இல்லையே அதுல,” என்றார்.

“நிறைய இருக்கு. கதவு திறக்குது. கனமா எதையோ தரையில வைக்கிறாங்க. ‘பொத்’துனு ஒண்ணு பிடுங்கற சத்தம். இரும்புல இரும்பு மூணு தடவை. அப்புறம் சின்னக் குண்டு உருள்ற மாதிரி ‘டிக்டிக்டிக்’. மறுபடி கதவு. யாரோ வந்துட்டுப் போயிருக்காங்க.”

“பேச்சு?”

“ஒரு வார்த்தை இல்ல.”

“வந்தவன் கடன்காரனா இருந்தா பேசாமப் போக மாட்டான்,” என்றான் வாய்தா. “சொந்தக்காரனா இருந்தா போகவே மாட்டான்.”

ஸ்டெனோ லிஃப்ட்காரரைப் பார்த்தாள். “வீட்டுல வேற யாரு?”

“நானும் அவனும்தான். நான் அன்னிக்கு எட்டு மணி ஷிப்ட்டுக்குப் போயிட்டேன். எட்டுலேர்ந்து எட்டரை ரெண்டு லிஃப்டையும் சோதிச்சுக் கையெழுத்துப் போட்டிருக்கேன். இன்ஸ்பெக்டர் அந்த நோட்டையும் பார்த்துட்டார்.” சற்று நிறுத்தினார். “அவன் யார் வந்ததுன்னு எனக்குச் சொல்ல மாட்டான்மா. நாங்க பேசி எட்டு மாசம் ஆச்சு. என் ஆஸ்பத்திரியிலயே வேலை வாங்கிக் கொடுத்தேன். கிடார்தான் பெருசுன்னு விட்டுட்டு வந்துட்டான்.”

எட்டு மாதம். ஒரே கூரைக்கு அடியில், ஒரே குழாயில் முகம் கழுவிக்கொண்டு. அதை எந்த இயந்திரத்தில் அடிப்பது?

இரண்டேகாலுக்கு அவர்கள் சாலிடரின் பட்டறையில் இருந்தார்கள். கிடாரும் ஸ்பீக்கரும் பழுது பார்க்கும் பெண். ஈயப்புகை படிந்த கண்ணாடிக்குப் பின்னால் எதையும் நம்பாத கண்கள். லிஃப்ட்காரர் உள்ளே வரவில்லை. வாசலில் வண்டிக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

சாலிடர் முதல் பகுதியைக் கேட்டாள். இரண்டாம் பகுதியைக் கேட்டாள். உதட்டைப் பிதுக்கினாள்.

“ரெண்டு கிடார்னு எந்த மகராசன் சொன்னான்?”

“போலீஸ் நிபுணர்,” என்றான் வாய்தா.

“அவரை ஒரு காது டாக்டர்கிட்ட அனுப்புங்க. ஒரே கிடார்தான். தடிக்கம்பியில இந்த ஒரு சுரம் வரும்போது மட்டும் கூடவே ‘கிர்ர்’ருனு ஒரு நடுக்கம் வருது, கேளுங்க. இடைவெளி வரைக்கும் வருது. அப்புறம் இல்ல. வால்யூம் நாப் லூசா ஆடியிருக்கு. நடுவுல யாரோ முடுக்கிட்டாங்க.”

மேஜைமேல் கிடந்த ஒரு கிடாரை இழுத்தாள். துணியை முறுக்கி, ஒலிக்குமிழின் அடியில் கொடுத்து, இரு முனையையும் பிடித்து மேலே இழுத்தாள். ‘பொத்’தென்று குமிழ் கழன்றது. அடியில் ஒரு சிறு தண்டு. தண்டைச் சுற்றி ஒரு நட்டு.

“நாப் ஆடுதுன்னா எல்லாரும் நாப்பை முறைப்பாங்க. தப்பு அடியில இருக்கு.” நட்டைத் தளர்த்திக் குமிழைத் திரும்பப் பொருத்தி, தடிக்கம்பியைத் தட்டினாள். கிர்ர். மறுபடி கழற்றி, இடக்கை விரல்களால் தண்டை அசையாமல் பிடித்து, ஸ்பேனரால் மூன்று முறை வெடுக்கென்று திருகினாள். தட்டினாள். சுத்தமான ஒலி.

ஸ்டெனோ நிமிர்ந்தாள். பதிவில் கேட்ட அதே மூன்று சத்தம்.

“வாசிக்கிற பையனே இதைச் செஞ்சிருக்கலாமா?”

“வாசிக்கிறவன் நூலைச் சுத்தி நாப்பை அமுக்கிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிடுவான். தெரியாதவன் நட்டை விடாமச் சுத்துவான், உள்ள ஒயரும் கூடச் சுத்தி அறுந்துபோகும். இது மூணே திருகு. தினமும் நட்டோட குடித்தனம் பண்றவன் கை.”

“அந்த டிக்டிக்?”

“அது தெரியல. அந்தச் சத்தம் போடற சாமான் எதுவும் என்கிட்ட இல்ல.”

படியிறங்கும்போது வாய்தா குரலைத் தாழ்த்தினான். “அக்கா. நட்டோட குடித்தனம் பண்றவர் ஒருத்தர் கீழ வண்டிகிட்ட நிக்கறார்.”

“தெரியுது.”

“அவர்தான்னா ஏன் சொல்லல? பெத்த பிள்ளைக்கா?”

“அவர் கையெழுத்து ஆஸ்பத்திரியில இருக்கு. அவரா இருக்கவே முடியாதுன்னு அவரே எழுதிக் கொடுத்திருக்கார்.”

“கையெழுத்துக்குக் கால் கிடையாதுக்கா. மனுஷனுக்கு உண்டு.”

அவள் வண்டியில் ஏறினாள். கண்ணாடியில் லிஃப்ட்காரரின் முகம் தெரிந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பவனின் முகம்.

காவல் நிலையத்தில் மூன்று மணி. நீதிமன்றத்துக்குப் போகும் வேன் வாசலில் வாயைத் திறந்து நின்றது. இன்ஸ்பெக்டருக்கு ஸ்டெனோவைப் பழைய நாட்களிலிருந்தே தெரியும். அவருடைய உளறல்கள் பலவற்றை இலக்கணத்தோடு அடித்துக் கொடுத்தவள்.

“பத்து நிமிஷம் தர்றேன் மேடம். அதுக்கு மேல என் கையில இல்ல.”

மகனுக்கு இருபத்து நாலு வயது இருக்கும். கம்பிக்குப் பின்னால், இல்லாத தந்திகளைத் தேடுவதுபோல வலக்கை விரல்கள் தொடையில் அசைந்துகொண்டிருந்தன. லிஃப்ட்காரர் தாழ்வாரத்துப் பெஞ்சில், அவன் பார்வைக்குச் சற்று விலகி உட்கார்ந்துகொண்டார்.

“நடுவுல நாலு நிமிஷம் யாரு வந்தாங்க?” என்று கேட்டாள் ஸ்டெனோ.

“யாரும் வரல.”

“வால்யூம் நாப்பை முடுக்கினது யாரு?”

அவன் குனிந்து தரையைப் பார்த்தான். காத்திருப்பது அவளுக்குப் பழகிய வேலை. அரை நிமிடம் கழித்து அவன் கண்கள் அவள் தோளைத் தாண்டி ஒருமுறை போயின. சுட்டதுபோலத் திரும்பின.

அப்போது அவளுக்குப் பின்னால், பெஞ்சிலிருந்து, அந்தச் சத்தம் வந்தது.

டிக்டிக்டிக்.

அவள் திரும்பவில்லை. திரும்பினால் அவர் பேனாவைப் பைக்குள் மறைத்துவிடுவார் என்று பட்டது. நேரே இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

“சார், அந்தக் கிடாரோட வால்யூம் நாப்பைக் கழட்டணும். உங்க கையாலயே.”

“நான் என்ன கச்சேரியா பண்ணப் போறேன்?”

“கைக்குட்டை வேணுமா சார்?” என்றான் வாய்தா. “என்னுது இருக்கு. போன வாரம்தான் துவைச்சேன்.”

இன்ஸ்பெக்டர் தன்னுடையதையே எடுத்துக்கொண்டார். பையின் சீலில் செவ்வாய்க்கிழமைத் தேதி, இரவு ஒன்பது மணி ஐந்து நிமிடம், அவருடைய கையெழுத்து. உடைத்தார். கிடாரை மேஜையில் கிடத்தி, ஸ்டெனோ சொன்னபடி துணியை முறுக்கி இழுத்தார். குமிழ் கழன்று அவர் உள்ளங்கையில் விழுந்தது.

நட்டின் விளிம்பிலிருந்து கீழே தகடு வரைக்கும், மயிரிழை பிசகாமல், பச்சையாக ஒரு கோடு.

“என்ன இது, பெயிண்டு?”

“வாய்தா, பெஞ்சில இருக்கிறவரைக் கூப்பிடு. பையில இருக்கிற பேனாவோட.”

லிஃப்ட்காரர் வந்தார். மேஜையைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். நின்ற இடத்திலேயே ஒரு பிடி சுருங்கிப்போனார். கேட்கும் முன்பே பேனாவை எடுத்து மேஜையில் வைத்தார். அது உருண்டது, உள்ளேயிருந்த குண்டு டிக்டிக் என்றது. இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தில் கிழித்தார். பச்சை.

“முடுக்கின நட்டுக்குப் போடற அடையாளம் சார்,” என்றார் லிஃப்ட்காரர். “நட்டு நகர்ந்தா கோடு உடைஞ்சு காட்டிக் கொடுக்கும். முப்பத்தொரு வருஷப் பழக்கம். போட்டதே எனக்கு நினைவில்ல. கை தானாப் போட்டுடுச்சு.”

“எப்போ?”

மேஜைமேல் இருந்த கடிகாரம் மூன்று இருபது.

“சொன்னா நம்ப மாட்டீங்க சார். எட்டுலேர்ந்து எட்டரை வரைக்கும் ஆஸ்பத்திரியில இருந்தேன்னு நானே கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்ப இல்லைன்னு சொன்னா, பிள்ளைக்காக அப்பன் பொய் சொல்றான்பீங்க.”

“கண்டிப்பாச் சொல்வேன்.”

“அதான் இந்தம்மாகிட்ட போனேன். என் வாய் இல்லாம வேற எதுவாவது பேசாதான்னு.”

“முதல்லயே எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே,” என்றான் வாய்தா. இந்த முறை அவன் குரலில் கேலி இல்லை.

“நானே பொய்க் கையெழுத்துப் போட்டவன்னு தெரிஞ்சா நீங்களும் கையை விரிச்சுடுவீங்களோன்னு…” மீதியை விழுங்கிவிட்டார். பிறகு மேஜையில் கிடந்த கிடாரைப் பார்த்துக்கொண்டே பேசினார். “மூணு நாளாச் சுவத்துக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து அந்த ‘கிர்ர்’ கேட்டுக்கிட்டே இருந்தது. ஒரு நட்டு ஆடினா எனக்குத் தூக்கம் வராது. அன்னிக்கு ராத்திரிக்குள்ள அனுப்பணும்னு அவன் போன்ல யார்கிட்டயோ சொன்னதும் காதுல விழுந்தது. ஷிப்ட்டுக்குக் கையெழுத்துப் போட்டேன். சோதனை நோட்டுலயும் முன்கூட்டியே போட்டேன். வீடு அஞ்சு நிமிஷ நடை. போனேன். அவன் வாசிக்கிறதை நிறுத்தினான். முடுக்கினேன். வந்துட்டேன்.”

மகன் இதை ஏன் சொல்லவில்லை என்று யாரும் கேட்கவில்லை. சொன்னால் அப்பாவின் வேலை போகும். அப்பா சொன்னால் மகனின் பதிவும் சேர்ந்தே பொய்யாகும். ஒருவரை ஒருவர் காப்பாற்றிக்கொண்டே இருவரும் மூழ்கிக்கொண்டிருந்தார்கள்.

“நல்ல கதை,” என்றார் இன்ஸ்பெக்டர். “ஆனா இந்தக் கோடு போன மாசமே போட்டதா இருக்கலாம்.”

“இருக்க முடியாது,” என்றாள் ஸ்டெனோ. அவள் பார்வை பேனாவின் மேல் இருந்தது. புத்தம் புதிது, மூடியில் ஒட்டிய விலைச்சீட்டுகூடப் பாதிதான் உரிந்திருந்தது. “ஐயா, இந்தப் பேனா எப்ப வாங்கினது?”

லிஃப்ட்காரர் நிமிர்ந்தார். தன் வேலையைப் பற்றி ஒருவர் கேட்டதால் வந்த நிமிர்வு. “வாங்கறது இல்லம்மா, ஸ்டோர்ல கொடுப்பாங்க. மூணு மாசத்துக்கு ஒரு கலர். கோட்டைப் பார்த்தாலே எப்ப முடுக்கினதுன்னு தெரியணும்ல. போன கலர் மஞ்சள். இந்த மாசம் ஒண்ணாம் தேதிலேர்ந்து…”

பாதியில் நின்றார். வாய் திறந்தபடியே இருந்தது. முப்பத்தொரு வருடமாகக் கைக்குத் தெரிந்த விஷயம் இப்போதுதான் தலைக்கு ஏறியது.

வாய்தா சுவர்க் காலண்டரை எட்டிப் பார்த்தான். “ஒண்ணாம் தேதி செவ்வாய்க்கிழமை.”

“எத்தனை மணிக்கு வாங்கினீங்க?”

“எட்டு. ஷிப்ட் மாறும்போது. ஸ்டோர்காரர் என் கண் முன்னாடிதான் கட்டைப் பிரிச்சார். முதல் பேனா எனக்கு.”

இன்ஸ்பெக்டர் போனை எடுத்தார். ஆஸ்பத்திரி ஸ்டோரைப் பிடிக்க ஏழு நிமிடம் ஆயிற்று. வாசலில் வேன் டிரைவர் ஒருமுறை ஹாரன் அடித்தான். இன்ஸ்பெக்டர் கேட்டார், ‘ம்’ என்றார், மறுபடி ‘ம்’ என்றார், வைத்தார்.

“எட்டு மணிக்கு முன்னாடி பச்சைப் பேனா யார் கையிலயும் இல்லையாம்.”

“கணக்கு நான் சொல்றேன் சார், அக்காவுக்கு வாய் வலிக்கும்,” என்றான் வாய்தா. “பேனா எட்டு மணிக்கு. நடந்து வர அஞ்சு நிமிஷம். அதனால நட்டு முடுக்கினது எட்டு அஞ்சுக்கு முன்னாடி இல்ல. ஒன்பதுக்கு நீங்க கதவைத் தட்டிட்டீங்க. முடுக்கினதுக்கு அப்புறம் நாற்பது நிமிஷம் வாசிச்சிருக்கான். அதனால எட்டு இருபதுக்கு அப்புறமும் இல்ல. முன்னாடி வாசிச்ச இருபத்து மூணு நிமிஷத்தைச் சேருங்க. எப்படி நகர்த்தினாலும் எட்டுலேர்ந்து எட்டரை வரைக்கும் பையன் அந்த ரூமை விட்டு நகரல. கடைக்குப் போகவே பத்து நிமிஷம் ஆகும்.”

“வேற ஒரு நாள் முடுக்கிப் பதிவு பண்ணிட்டு, செவ்வாய்க்கிழமை கோடு மட்டும் போட்டிருந்தா?”

“அந்த வேற நாளும் கை சும்மா இருந்திருக்காது சார்,” என்றாள் ஸ்டெனோ. “பதிவுலயே குண்டு உருள்ற சத்தம் இருக்கு. அப்ப அங்க மஞ்சள் கோடும் இருக்கணும். பாருங்க.”

இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பச்சையைத் தவிர எதுவும் இல்லை. நிமிர்ந்து, வாசலைப் பார்த்து, “வேனை நிறுத்தச் சொல்லு,” என்றார்.

லிஃப்ட்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“வாக்குமூலம் கொடுக்கணும்,” என்றார் இன்ஸ்பெக்டர். “நோட்டுல போட்ட கையெழுத்து பொய்னு நீங்களே எழுதணும். வேலை போயிடும். தெரியும்ல?”

“ஸ்ட்ரெச்சர் போற லிஃப்ட் சார் அது. பார்க்காமலே பார்த்தேன்னு எழுதினேன். போகத்தான் வேணும்.”

நிலைய எழுத்தர் விடுப்பில் இருந்தார். ஸ்டெனோ நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். பெயர், வயது, தொழில். கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம். விரல்கள் பழைய வேகத்துக்குத் தாமாகத் திரும்பின. கடைசியாக இன்ஸ்பெக்டர் கேட்டார்:

“அந்த நாலு நிமிஷத்துல என்ன பேசிக்கிட்டீங்க?”

“எதுவும் பேசல சார்.”

விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு அவள் அந்த மௌனத்தையும் அடித்தாள். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக.

மகனைத் திறந்துவிட்டபோது மணி நாலு அடித்தது. விசாரணை முடியும்வரை ஊரை விட்டுப் போகக் கூடாது என்றார் இன்ஸ்பெக்டர். கடைக்காரரைக் கொன்றவன் இன்னும் வெளியே இருக்கிறான் என்ற நினைப்பு அதற்குள் அவர் நெற்றியில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கழற்றிய குமிழை என்ன செய்வது என்று தெரியாமல் லிஃப்ட்காரரிடமே கொடுத்தார். அவர் அதைத் தண்டின் மேல் வைத்து, எண் சரியாக நிற்கும்படி திருப்பி, உள்ளங்கையால் அமுக்கினார்.

அப்பாவும் மகனும் மேஜைக்கு இரு பக்கம் நின்றார்கள். நடுவில் கிடார். வாய்தா எதையோ சொல்ல வாயெடுத்தான். ஸ்டெனோ அவன் காலை மிதித்தாள்.

“நீங்க வந்துட்டுப் போனப்புறம் கை நிக்கலப்பா,” என்றான் மகன். “கடைசிப் பாட்டுல தப்பு விட்டுட்டேன். அதான் மறுபடியும் முதல்லேர்ந்து வாசிச்சேன். இல்லைன்னா இருபது நிமிஷத்துலயே முடிஞ்சிருக்கும்.”

இருபது நிமிடத்தில் முடிந்திருந்தால் வாய்தாவின் கணக்கு கந்தலாகியிருக்கும். ஸ்டெனோ அதை வெளியே சொல்லவில்லை.

லிஃப்ட்காரர் குமிழின் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.

“கேட்டேன்,” என்றார். “ரெண்டாவது தடவை வாசிச்சதுதான் சரியா வந்திருக்கு.”